சாம்பல் நிற டெக்

எங்கள் வீட்டை ஒட்டி மரப்பலகையால் போட்ட திறந்த தளமான டெக்குக்கு நான் தேர்ந்தெடுத்தது தே-ஓ நிறம். பால் சேர்க்காமல், சாயம் தூக்கலாகப் போட்ட தேநீரின் நிறம். மலைமேல் இருக்கும் எங்கள் பிரிஞ்சாங் டவுன் ஹார்டுவேர் கடையில், நிறம் பூசிக் காட்டும் மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப் போய், மூடுபனி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரச் சீனருக்குப் பொறுமையே போய்விட்டது. போகட்டும். தினமும் பார்க்கப் போகிறவள் நான்தானே?

வீடு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில், சரிவில் நிற்கிறது. தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்தபோது அப்பா வாங்கியது. பெண்ணுக்கு எதற்கு என்று தம்பி பெயரில் எழுதிவிட்டார். "அக்கா இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்டா" என்று அவனிடம் வாயால் சொன்னதோடு சரி. கல்யாணம் செய்துகொள்ளாத நான், தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். தம்பி கோலாலம்பூரில் இருந்தான். தீபாவளிக்கு வருவான், முறுக்கு டின்னோடு திரும்பிப் போவான்.

டெக்கில் என் பிரம்பு நாற்காலி கிடக்கும். பள்ளி விட்டு வந்து அதில் சாய்ந்தால் எதிரே அம்மா கொழுந்து பறித்த மலை. நாளெல்லாம் பிள்ளைகளிடம் கத்திய தொண்டைக்கு அங்கேதான் ஓய்வு.

போன தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, டெக் கலர மாத்திடலாம்லா. ரொம்ப இருட்டா இருக்கு. க்ரே அடிச்சா போட்டோல பளிச்சுன்னு தெரியும்."

"யாருடா போட்டோ புடிக்கப் போறா?"

"சும்மாதான்க்கா. தீபாவளிக்குள்ள முடிச்சிடு."

தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வண்ணம் பூசியாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மலையிலோ அந்த மாதங்களில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அடர்ந்த நிறத்தின் மேல் வெளிர் நிறம் எடுபடாது என்று கடைக்காரர் சொன்னதால், என் தே-ஓ நிறத்தை நானே உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். முதல் பூச்சுக்கு நேரம் குறித்துத் தந்ததும் தம்பிதான். ராகு காலத்துக்கு முன், வெள்ளிக்கிழமை காலை. பலகை இன்னும் ஈரமாக இருக்கிறது என்றேன். "நல்ல நேரத்த விட்டுடாதக்கா" என்றான். நல்ல நேரம் பார்த்தோம், மரம் காய்ந்ததா என்று பார்க்கவில்லை.

தீபாவளியன்றும் சாயம் பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. தம்பி பிள்ளைகள் புதுத்துணியோடு ஓடியதில் பாவாடை ஓரம், உள்ளங்கால், கூடத்துத் தரை எல்லாம் சாம்பல் தடம். தம்பி மனைவி பிள்ளையின் காலைத் துடைத்துக்கொண்டே, "அக்காவுக்கும் வயசாகுதுல்ல, தனியா இந்த வீட்ட எப்படிப் பாத்துக்குவாங்க?" என்றாள். தம்பி தலையாட்டினான். நேரம் குறித்துக் கொடுத்தவனே அவன்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதிரசத் தட்டை மேசைமேல் ணங்கென்று வைத்தேன். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடியும்? வீடு அவனுடையது.

மழை ஓய்ந்ததும் தம்பி ஆள் கூட்டி வந்தான். பலகையைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, மறுபடியும் சாம்பல் நிறம் அடித்தார்கள். நன்றாகத்தான் அடித்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் என் நாற்காலியை உள்ளே தள்ளினான், கொடியில் காய்ந்த என் சேலையைச் சுருட்டி எடுத்தான், பிறகு அங்கும் இங்கும் நின்று படம் எடுத்தான். போகும் முன், டெக்குக்கு அடியிலிருக்கும் ஸ்டோர் அறையில் ஒரு கட்டிலைப் போட்டான். பழைய சாமான் வைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் உடன் வேலை செய்யும் ஆசிரியைதான் கைப்பேசியில் காட்டினார். "டீச்சர், இது உங்க வீடு மாதிரியே இருக்கே?" சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே விளம்பரம். சாம்பல் நிற டெக், பின்னால் அம்மாவின் மலை. கீழே எழுதியிருந்தது: முழு வீடும் உங்களுக்கே, வேறு யாரும் குடியிருக்கவில்லை.

தம்பியை அழைத்தேன். "அப்ப நான் யாருடா?"

"ஸ்கூல் லீவுல மட்டும்தான்க்கா கெஸ்ட் வருவாங்க. கீழ கட்டில் போட்டிருக்கேன்ல."

முதல் விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான் கீழே ஸ்டோர் அறைக் கட்டிலில் படுத்திருந்தேன். தலைக்கு மேல் செருப்புச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ சிந்திய தேநீர் பலகை இடுக்கு வழியாக என் தலையணையில் சொட்டியது. மேலே ஒரு பெண் சொன்னாள்: "இந்த டெக்குல உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராதுலா. இந்த வீட்டுல இருக்கிறவங்க குடுத்து வச்சவங்க."

நான் எழுந்து கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டேன்.