வாசலில் நின்ற கடிதம்

விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, திண்டிவனம் தாண்டி இருக்கும் அந்தப் பாலிடெக்னிக்குக்கு வேலைக்கு வருகிறாள் காந்திமதி. பன்னிரண்டு வருஷமாக அங்குள்ள கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் பொறுப்பு. அதற்கு முன் அவளுக்கும் ஒரு நல்ல வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தது. கைக்குக் கிடைத்தபோது தேதி கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதை அவள் இன்னும் கிழித்துப் போடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் ஆர்த்தி போன் செய்தாள். இந்த வருஷம் அங்கே படிப்பை முடித்த பெண். அம்மா கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போய்ப் படிக்கவைத்த பெண்.

"மேடம், கம்பெனியில வேலை ஆர்டரை காலேஜ் மெயிலுக்கு ரெண்டு நாளா அனுப்பிக்கினு இருக்காங்களாம். போவவே மாட்டேங்குதாம். காலேஜ் மூலமாத்தான் தருவாங்களாம். இன்னைக்கு நாலு மணிக்குள்ள பதில் போடலன்னா வேற ஆளுக்குப் போயிடும் மேடம்."

சனிக்கிழமைதான் புது ஃபயர்வால் வைத்திருந்தார்கள். வெளியார் உள்ளே நுழையாமல் காவல் காக்கும் பெட்டி அது. காலேஜுக்கு வரும் மெயிலை வாங்கிவைக்கும் சர்வருக்கு மட்டும் காந்திமதியே அதில் வழி திறந்து விட்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட முதல்வர் கோதண்டபாணி தன் அறையிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"இன்னாம்மா, உடனே வந்துடுச்சே. நீ ஏன் பேஜாராவுற?"

"நீங்க உள்ளருந்து அனுப்புறீங்க சார். வாசக்கதவு பூட்டியிருக்கறது வூட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

போனில் ஆர்த்தியைக் கேட்டாள். "நீ எங்க இருக்கே?"

"விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல. அங்கதான் வர்றேன்."

"அங்கேயே நில்லு. வெளியில இருந்தே காலேஜுக்கு ஒரு மெயில் போடு."

அந்த மெயிலும் வரவில்லை. மணி மூன்றேகால். ஃபயர்வாலில் எழுதியதை வரிவரியாகப் படித்தாள். மழையில் ஒழுகிய மாடி அறையிலிருந்து சர்வரைக் கீழே இறக்கியபோது காலேஜுக்குள் அதற்கு முகவரியாக இருக்கும் உள் எண்ணை மாற்றியவள் அவளேதான். சனிக்கிழமை பெட்டியில் அவள் எழுதியதோ பழைய எண். வந்த கடிதத்தையெல்லாம் அது ஆளில்லாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னோடதுங்க சார்." எண்ணைத் திருத்திவிட்டு ஆர்த்தியைப் போனில் கூப்பிட்டாள். "இன்னொண்ணு போடு கண்ணு."

'மேடம், வந்துதா?' என்று ஒற்றை வரி திரையில் விழுந்தது.

கம்பெனிக் கடிதம் மட்டும் வரவில்லை. போகாத மெயிலை அனுப்புகிற சர்வர் விட்டுவிடாது, திரும்பத் திரும்ப முயலும். எப்போது முயலும் என்றுதான் தெரியாது. கோதண்டபாணி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மணி பாக்காதம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்பத்திரண்டுக்கு வந்தது.

ஆர்த்திக்கு அதை அனுப்பிவிட்டு, போனிலும் படித்துக் காட்டினாள் காந்திமதி. மறுமுனையில் செஞ்சி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரலும், நடுவே ஒரு விசும்பலும் கேட்டன.

"அழுவறதெல்லாம் அப்பறம். மொதல்ல பதில் போடு" என்றாள். சொன்னவளுக்கே திரையில் எழுத்து தெரியவில்லை.