ஒரு முழம் கயிறு

நான் வேலை பார்க்கும் உள்ளாடைக் கடைக்கு விளையாட்டு டீச்சர் ஒருத்தர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்போர்ட்ஸ் பிரா வாங்க வருவார். நல்லதாக இருந்தால் ஒரு வருஷமாவது உழைக்க வேண்டும். அன்றைக்கும் கடையின் உடைமாற்றும் அறைக்குள் புதிதைப் போட்டு, கையைத் தூக்கி, நாலு குதி குதித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பழசு தொளதொளன்னு ஆயிடுச்சுக்கா."

"எங்க காயப்போடுறீங்க, டீச்சர்?"

"பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி, துண்டுக்கு அடியில. காலையில ஈரமாவே இருக்கும். இஸ்திரி போட்டுத்தான் காயவைப்பேன்."

"சூடு பட்டா எலாஸ்டிக் செத்துப்போகுமே. மாடியில நிழலா போடுங்க."

"மாமனாரும் கொழுந்தனுங்களும் நடமாடுற இடமாம். அத்தை விடமாட்டாங்க." சிரித்தார். "பள்ளிக்கூடத்துல நான் விசில் ஊதினா முந்நூறு பிள்ளைங்க வரிசையில நிக்கும். வீட்டுல துணி காயப்போட ஒரு முழம் கயிறு கிடைக்கலக்கா."

"எங்க கடைக்குப் பின்னாடி போடுங்களேன்."

"தினம் எங்க போறேன்னு கேப்பாங்களே."

மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்றாவது காயும் என்று இரண்டாக வாங்கிக்கொண்டு போனார்.

அன்று கடவுளிடம் அவருக்காக ஒரு முழம் கயிறு கேட்டேன். இதைப் போய்க் கேட்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது.