ஷைர்குல் எஜேயின் நீரோட்டப் பாடம்

மணி அடித்ததும் மற்ற ஆசிரியர்கள் நாங்கள் சாக்கட்டியை எடுப்போம். இயற்பியல் சொல்லித்தரும் ஷைர்குல் எஜே, ஊருக்கே அக்கா, ரப்பர் பூட்ஸை எடுப்பார். "எந்திரிங்க, இயற்பியல் வெளிய நிக்குது, பாவம் குளிருது" என்பார். ஒன்பதாம் வகுப்பு அவர் பின்னால் ஓடும்.

நான் கணித ஆசிரியன். அடுப்போரம் ஒரு நாற்காலி, எதிரே ஒரு கரும்பலகை. இதற்கு மேல் உலகம் எதற்கு? எஜேவுக்கு அது போதாது. சாவு வீட்டில் கூடாரம் போடும்போது, கழிகளின் சாய்வைப் பிள்ளைகளை விட்டு அளக்க வைத்தார். செத்தவரின் மகனே அழுகையை நிறுத்திவிட்டு நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். எஜேயிடம் படிக்கும் என் மகள் ஒரு நாள் எங்கள் ஜன்னல் இடுக்கில் தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்து, "அப்பா, நம்ம சூடெல்லாம் தெருவுக்குப் போகுது" என்றாள். படிப்பு இப்படியெல்லாம் கெட்டுப்போகுமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

போன வசந்தத்தில், பாடத்தை வாழ்க்கையோடு இணைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் மெடெர்பெக் உடனே இணைத்தார். தெர்மாகோலில் ஒரு வாய்க்கால், அதற்கு நீல வண்ணம், கரையில் பஞ்சு ஆடுகள். அதைப் பார்க்க நரின் நகரத்திலிருந்து பள்ளி ஆய்வாளர் கோப்போடு வந்து, கதவை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பாடம் தொடங்கிய சற்று நேரத்தில் ஜன்னலோரம் இருந்த பெகாயிம் கத்தினாள்: "எஜே! வாய்க்கா கரை ஒடைஞ்சிடுச்சு! தண்ணி துர்சுனாய் வீட்டுப் பக்கம் போகுது!"

பனி உருகும் காலம். துர்சுனாயின் வீடு மண்சுவர். உள்ளே பச்சைக் குழந்தை.

"உக்காரும்மா," என்றார் மெடெர்பெக். "வெள்ளத்தை அப்புறம் பாத்துக்கலாம். இந்த வாய்க்கால்ல தண்ணி எப்படி ஓடுதுன்னு ஐயாவுக்குச் சொல்லு."

"அதுல எங்க ஓடுது, மெடெர்பெக் அகாய்?" என்றார் எஜே. "அதனாலதான உங்களுக்கு அது பிடிச்சிருக்கு."

கதவில் ஆய்வாளர் இருந்ததால் வகுப்பு ஜன்னல் வழியாக வெளியேறியது. அவ்வளவு ஒழுங்கான வரிசையை எங்கள் பள்ளி அதற்குமுன் கண்டதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் போனேன், வேடிக்கை பார்க்க.

பையன்கள் உடைப்பில் மண்மூட்டைகளைப் போட்டார்கள். தண்ணீர் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனது. எஜே வழுக்கி இடுப்பளவு பனி உருகிய நீரில் விழுந்து, பல் கிடுகிடுக்க எழுந்தார்.

"இப்ப என்ன பண்றது, எஜே?" என்றாள் பெகாயிம்.

"என்னை ஏன் கேக்குற? தண்ணியப் பாத்துச் சொல்லு. எங்க வேகமா வருது? எங்க போனா அடங்கும்?"

துர்சுனாய் குழந்தையை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள். தண்ணீர் படியைத் தொட்டுவிட்டது. "அங்க பள்ளிக்கூடம் நடத்துறீங்களா? இங்க என் வீடு கரையுது!" என்று அலறினாள். எஜேயின் முகம் வெளுத்தது. ஆனாலும் அவர் பிள்ளைகள் பக்கமே திரும்பி, தண்ணீரைக் கையால் காட்டினார்.

"மேல வெட்டணும்!" என்றாள் பெகாயிம். "அந்த மேட்டுக்கு முன்னாடி. தரிசுப் பக்கம் சரிவு ஜாஸ்தி. பாதித் தண்ணி அங்க போயிட்டா மூட்டை நிக்கும்!"

"அப்ப நிக்கிறியே ஏன்?"

வெட்டினார்கள். தண்ணீர் தயங்கியது, பிறகு தரிசில் திரும்பியது. அடுத்த மூட்டை நின்றது. அதை நான்தான் தூக்கிக் கொடுத்தேன் என்பதை மெடெர்பெக்கிடம் யாரும் சொல்ல வேண்டாம். படியை விட்டுத் தண்ணீர் இறங்கியதும் துர்சுனாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு ஆய்வாளர் அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

"ரொம்ப நல்ல காரியம். ஆனா இது எந்தப் பாடத்துல வருது, எத்தனாவது பக்கம்? கோப்புல எழுதணுமே."

ஷைர்குல் எஜே அவர் கையிலிருந்த கோப்பை மரியாதையாக வாங்கி, காற்றில் பறக்காதபடி ஒரு கல்லுக்கு அடியில் வைத்தார். காலியான அந்தக் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, இன்னும் கசிந்துகொண்டிருந்த கரையை மோவாயால் காட்டினார்.