திரையோரம் ஒட்டிய சீட்டு

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பத்து வருடத்தில் கணினி கைக்குப் பழகியிருந்தது. அந்தத் தெம்பில், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இரும்புக் குழாய்க் கடை வைத்திருந்த பாய் ஒருவருக்கு, இணையத்தில் இயங்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். எந்தக் குழாய் இருப்பில் இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். அவர்களுடைய பெயரும் போன் நம்பரும் அதிலேயே இருந்தன.

கடையில் கணினியைப் பார்த்துக்கொண்டது கள்ளிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். முதல் வாரமே கூப்பிட்டாள்.

"சார், இருபது அடி குழா தேடுனா உங்க சாப்ட்வேர் மூஞ்ச திருப்பிக்குது."

இரும்புக் கடையில் யாரும் 'அடி' என்று எழுதுவதில்லை. எண்ணின் தலையில் ஒரு சின்னக் கோடு, அதுதான் அடி. குழாயின் மேல் சாக்பீஸில் எழுதுவதும் அப்படித்தான். நானோ, தேடும் கட்டத்தில் தட்டுவதை அப்படியே எடுத்து, தகவல்களைக் கேட்கும் கட்டளையோடு ஒட்டி அனுப்பும்படி எழுதியிருந்தேன். கட்டளையின் மொழியில் அதே கோட்டுக்கு, தேட வேண்டிய சொல் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். குழாய் தேடுகிறவர் போட்டால் பக்கம் முறியும். விவரம் தெரிந்த ஒருவன் போட்டால், உள்ளே இருப்பது அத்தனையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

இது எனக்கு அன்றைக்கே புரிந்தது. சரிசெய்ய இரண்டு நாள் வேலை. செய்யவில்லை. 'கோடு போட வேண்டாம், அடி என்று எழுதவும்' என்று ஒரு சீட்டு எழுதித் திரையோரம் ஒட்டினேன். இணையப் பக்கத்தின் மேலும் அதையே போட்டேன். திருடனுக்கு வழிப்பலகை வைத்தது போல.

ஆயுத பூஜைக்குப் பாய் பொரியும் பூவும் வாங்கித் தருவார். அவள் கணினிக்குச் சந்தனம் வைத்துவிட்டு, என் சீட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். "சார் கையெழுத்தாச்சே" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து, கடையின் பெயரைச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு மோசடிச் செய்திகள் போயின. பட்டியல் வெளியே போயிருந்தது. கடையில் அதைத் திறக்கும் பாஸ்வேர்டு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பாய் சத்தம் போடவில்லை. "கொஞ்ச நாள் ஊட்ல இரும்மா, பாக்கலாம்" என்றார்.

அன்று மாலையே, யார் என்ன தேடினார்கள் என்று மென்பொருள் குறித்து வைத்திருந்த பதிவுகளைத் திறந்து பார்த்தேன். தேடும் கட்டத்தில் யாரோ இருபது போட்டு, கோடு போட்டு, பின்னால் முழுப் பட்டியலையும் கேட்டிருந்தான். பாஸ்வேர்டை யாரும் தொடவே இல்லை. தேடும் பக்கத்தை ஓசைப்படாமல் மூடினேன். மறுநாள் பாய் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். அவள் மேல் விழுந்த பழிக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் அவளே போன் செய்தாள்.

"சார், புது பாஸ்வேர்டு போட்டீங்களாமே. எனக்குச் சொல்ல வாணாம். பாய் மறந்துருவாரு, காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிடுங்க. லோடு வந்தா மனுசன் தவிச்சிகினு நிப்பாரு."

உடனே கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கல்லாவைப் பூட்டினார். பிறகு ஸ்கூட்டரை எடுத்து, "ஏறுங்க. இத அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும்" என்றார்.

அவள் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "சீட்டு ஒட்டுனப்பவே தெரியுமா சார்?"

"தெரியும்."

"நான் அதுக்குப் பொட்டு வேற வெச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சற்று நேரம் கழித்துத்தான் தண்ணீரோடு வந்தாள்.

அடுத்த வாரம், தட்டுவது எதுவானாலும் வெறும் தேடும் சொல்லாகவே போகும்படி மாற்றி எழுதினேன். அவள் வந்து உட்கார்ந்தாள். சீட்டை உரித்தாள். இருபது, கோடு, தட்டினாள். குழாய்கள் வரிசையாக வந்தன. மறுபடியும் தட்டினாள்.

"அதான் வந்துடுச்சே" என்றார் பாய்.

"இருங்க பாய். சார் வேலையாச்சே, நல்லா பாத்துக்கணும்."

இன்றும் காலையில் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் தட்டிப் பார்க்கிறாளாம். பார்க்கட்டும்.