பணியாளர் ஏழுக்கு வந்த போன்கள்

சிவப்பு நூல் குண்டூசியைச் சுற்றி, இறுகி, பலகையின் குறுக்கே போய் அடுத்த குண்டூசியில் ஏறியது. ஆள்காட்டி விரல் அதைத் தட்டிப் பார்த்தது. கொஞ்சம் தொய்வு. கைகள் முடிச்சை அவிழ்த்து, இன்னும் சற்று இழுத்து, மறுபடி கட்டின. தொய்ந்த நூல் பக்கத்து நூலோடு சேர்ந்துகொண்டால் எது யாருடையது என்று தெரியாமல் போய்விடும். அதனால் இந்தக் கைகளுக்குத் தொய்வு ஆகாது.

சாப்பாட்டு மேஜை முழுவதையும் பலகை பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த மேஜையை எனக்கு எப்போ திருப்பித் தருவே?"

"ஆராய்ச்சி முடிஞ்சதும்."

"போன ஆராய்ச்சிக்கும் இதையேதான் சொன்னே. அதுக்கப்புறம் சோபாவே மாத்திட்டோம்."

பலகைமேல் குனிந்திருந்தவர் சிரித்தார், நிமிரவில்லை. பலகையில் ஒவ்வொரு குண்டூசியும் ஓர் ஆள். ஒவ்வொரு நூலும் ஒருவர் இன்னொருவருக்கு அடிக்கடி போன் செய்கிறார் என்பதன் அடையாளம். நீலம் பழைய நாட்களுக்கு, சிவப்பு புது ஏற்பாடு வந்த பிறகு. நீல நூல்கள் பலகை முழுக்கப் பரவிக் கிடந்தன. சிவப்பு நூல்களோ, எங்கே புறப்பட்டாலும், ஓரத்தில் இருந்த ஒரே குண்டூசியில் போய் விழுந்தன.

ஒரு நிறுவனத்துக்குள் புது இயந்திரமோ புது மென்பொருளோ நுழைந்தால் உள்ளே இருக்கும் மனிதர்களின் வேலை எப்படி உருமாறுகிறது என்பதைப் படிப்பதுதான் இந்தப் பேராசிரியரின் தொழில். மேலாண்மைப் படிப்பில் பெரும்பாலானவர்கள் மேலே இருந்து கீழே பார்ப்பார்கள். இவர் கீழே போய் உட்காருவார். அதற்கென்று மடக்கு ஸ்டூல் ஒன்று வைத்திருக்கிறார். போகிற இடங்களில் எல்லாம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில் அதை விரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். முதல் வாரம் எல்லோரும் முதுகை நிமிர்த்தி வேலை செய்வார்கள். இரண்டாம் வாரம் இவரை மறந்துபோவார்கள். அதற்குப் பிறகுதான் இவருக்கு வேலையே தொடங்கும். மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'ஸ்டூல் மேடம்'.

இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் வந்ததல்ல. இளவயதில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே கம்ப்யூட்டர் வந்தது. பழைய முறையை நிறுத்திவிட்டதாக மேலிடம் அறிவித்தது. ஆனால் பிரிவில் இருந்த எல்லோரும் காதும் காதும் வைத்த மாதிரி பழைய முறையிலும் கணக்கு எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்குப் போனார்கள். கம்ப்யூட்டரில் பிழையே வரவில்லை என்று பாராட்டுக் கூட்டம் நடந்தது. கைதட்டிய கூட்டத்தில் இவரும் ஒருவர். வெளியே வரும்போது, 'நாம ஏன் கை தட்டினோம்?' என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். அந்தக் கேள்விதான் இவரை வேலையை விடவைத்து, கல்யாணத்துக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, மறுபடி வகுப்பறையில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

இன்று இந்தத் துறையில் இருப்பவர்கள் இவர் எழுதிய ஒரு கருத்தை மேற்கோள் காட்டாமல் கட்டுரை எழுதுவது அபூர்வம். புது இயந்திரம் வந்ததும் சில வேலைகள் ஒழிந்துபோனதாகக் கணக்கில் காட்டப்படுகின்றன. உண்மையில் அவை கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்துக்குக் குடிபோயிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் மாற்றம் வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்லக் கூடாது. பலகையும் நூலும் அதைக் கண்டுபிடிக்கத்தான். கம்ப்யூட்டரில் இதே படத்தை நொடியில் வரையலாம். வரைந்தும் பார்ப்பார். ஆனாலும் கையால் கட்டினால்தான் ஒவ்வொரு நூலிலும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்பார்.

இம்முறை ஸ்டூல் விரிந்தது லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் கிளையில். எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் முன்பெல்லாம் ஓர் ஆள் போனை எடுத்து, எந்த மெக்கானிக்கை அனுப்புவது என்று முடிவு செய்வார். இப்போது மெக்கானிக்குகளின் கைபேசியில் ஓர் ஆப். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கு வேலை தானாகப் போகும். லிஃப்ட் ஓடத் தொடங்கும் நேரம் நன்றாகக் குறைந்திருந்தது. மேலாளர் பூரித்துப்போயிருந்தார். அடுத்த கட்டமாக உதிரி பாகங்கள் கொடுக்கும் கவுன்டரையும் மூடிவிட்டு, பாகங்களைக் கிடங்கிலிருந்தே நேராக அனுப்பலாம் என்பது திட்டம். பேராசிரியரின் அறிக்கை வந்ததும் இந்தக் கிளையிலேயே முதலில் தொடங்கிவிடலாம் என்று காத்திருந்தார்.

ஓரத்துக் குண்டூசி அந்தக் கவுன்டர்தான். அங்கே இருந்தவரை எல்லோரும் 'அக்கா' என்றார்கள், அவரைவிட வயதில் மூத்த மெக்கானிக்குகள் உட்பட. நடந்தது இதுதான். ஒரு மெக்கானிக்குக்கு ஆப் வேலை கொடுக்கும். அவர் அக்காவுக்கு போன் போடுவார்: "அக்கா, இந்தக் கட்டடத்து லிஃப்டை கடைசியா யார் திறந்தது?" பாகம் வாங்கிப்போனவர் யார் என்று அக்காவுக்குத் தெரியும். "நம்ம மீசைக்காரர் நேத்து பாதி பிரிச்சு வச்சிருக்காரு, அவரையே போகச் சொல்லு." மீசைக்காரர் போய்ச் சட்டென்று முடிப்பார். ஆப்பில் மட்டும் முதல் ஆளே முடித்ததாகப் பதிவாகும். வேகம் வந்தது இப்படித்தான். பாதியில் நிற்கும் வேலை என்று ஒன்று உண்டு என்பதை ஆப்புக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இப்படி மாற்றிக்கொள்வது குற்றம். ஆப் கொடுத்த வேலையை வேறு ஆள் செய்தால் இருவரும், அதற்கு ஏற்பாடு செய்தவரும், வேலைநீக்கம் வரை போக நேரிடும் என்று மேலாளர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை சுவரில் தொங்கியது.

பேராசிரியருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, இதுவரை மீறியதில்லை. அறிக்கையை யாரிடமும் கொடுக்கும் முன், அதில் வருகிற ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றிய பகுதியை வாய்விட்டுப் படித்துக்காட்டுவார். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார். காரணம் கேட்க மாட்டார்.

கவுன்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டுப் படித்தார். 'பணியாளர் ஏழு' என்று எழுதியிருந்தார். பெயரில்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. அக்கா ஒரு கேபிள் சுருளைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ஏழுன்னா நான்தானே?"

"அடையாளம் தெரியாம எழுதியிருக்கேனே."

"உதிரி பாகம் கொடுக்கிற ஏழாம் நம்பர். இந்தக் கிளையில கவுன்டர் ஒண்ணு, அதுல ஆள் ஒண்ணு. என் போட்டோவையே ஒட்டியிருக்கலாம், பேப்பராவது மிச்சமாகியிருக்கும்."

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கே உரிய தப்பு அது. பெயருக்குப் பதிலாக எண்ணைப் போட்டதும் ஆள் மறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது.

"எடுத்துடுங்க மேடம்," என்றார் அக்கா.

"எடுத்துடறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த வரி இல்லேன்னா, ஆப் தனியாவே எல்லாத்தையும் பண்ற மாதிரி இருக்கும். அப்போ கவுன்டரை மூடிடுவாங்க."

"சொன்னாலும் வேலை போகும், சொல்லலைன்னாலும் போகும். நல்ல பேரோடயாவது போறேனே. பசங்க கல்லூரியில படிக்கிறாங்க. அம்மாவை எதுக்கு வேலையை விட்டு அனுப்பினாங்கன்னு நாளைக்குக் கேட்டா, கவுன்டரை மூடிட்டாங்கன்னு சொல்றது எவ்வளவோ தேவலை."

பேராசிரியர் வீட்டுக்கு வந்து, அந்தக் குண்டூசியிலிருந்து சிவப்பு நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முடிந்தபோது பலகையில் பாதி நூல்களுக்குப் போக இடமில்லை, காற்றில் தொங்கின. வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"மேஜை கிடைக்கும்போல இருக்கே."

"கிடைக்கும். ரெண்டு வருஷ வேலையைத் தூக்கிப் போடணும், அவ்வளவுதான். இப்படியே கொடுத்தா நான் எழுதினது பொய்யாயிடும்."

அவர் மேற்கொண்டு கேலி செய்யவில்லை. தொங்கிய நூல் ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தார். "இது எங்கே இருந்து வருது?"

"ஒரு மெக்கானிக்."

"அப்போ இது அவரோட போனும்தானே?"

பேராசிரியர் மெல்ல உட்கார்ந்தார். அக்காவின் வரியை எடுக்கத்தான் அக்காவுக்கு உரிமை. போன் செய்தவர்களின் பக்கம் அவரவருடையது. நூலின் மறுமுனையைப் பற்றி இவர் யாரிடமும் தனியாகக் கேட்டிருக்கவில்லை.

அந்த வாரம் ஸ்டூல் மெக்கானிக்குகள் போகிற இடமெல்லாம் போனது. லிஃப்ட் அறைகளில், மொட்டை மாடிகளில், ஒரு தடவை பாதியில் நின்ற லிஃப்டின் கூரைமேல்கூட. "ஆப் கொடுத்த வேலையைக் கைமாத்தினதா எழுதலாமா? யாரைக் கேட்டு மாத்தினீங்கன்னு எழுத மாட்டேன்." மீசைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எழுதுங்க. ஆனா என் பேரை மட்டும் போடாதீங்க, எல்லார் பேரையும் போடுங்க. நான் ஒருத்தன் மாட்டினா தப்பு, எல்லாரும் மாட்டினா வழக்கம்." மற்றவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் சம்மதித்தார்கள்.

இன்னும் ஒரு நூல் இருந்தது. ஆராய்ச்சியின் தொடக்கத்தில், யார் யாருக்குப் பேசினார்கள் என்ற போன் பட்டியலை எல்லோரிடமும் கேட்டபோது, மேலாளர் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று முதல் ஆளாகத் தன்னுடையதைக் கொடுத்திருந்தார். அதில் என்னென்ன இருக்கிறது என்று அவரே பார்த்திருக்கவில்லை. கட்டுப்பாடு எல்லோருக்கும் பொது. பேராசிரியர் அவருடைய அறைக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"'பெரிய வாடிக்கையாளர்கள் புகார் செய்தபோது, ஆப் தேர்ந்தெடுத்த மெக்கானிக்குக்குப் பதிலாக அனுபவசாலியை அனுப்பும்படி கிளை மேலாளரும் போன் மூலம் ஏற்பாடு செய்திருக்கிறார்.'"

மேலாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அது அவசரத்துக்கு மேடம். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்."

"எல்லாரும் அவசரத்துக்குத்தான் பண்ணியிருக்காங்க சார்."

"எல்லாரும்னா?"

"எல்லா மெக்கானிக்கும். எழுதச் சம்மதிச்சிருக்காங்க."

"நான் போட்ட சுற்றறிக்கையை நானே மீறினேன்னு தலைமை அலுவலகத்துக்குத் தெரியணுமா?"

"வேண்டாம்னா எடுத்துடறேன். மத்தவங்களுக்குக் கொடுத்த உரிமைதான் உங்களுக்கும். ஆனா எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது உண்மையா இருக்காது. அறிக்கையைக் கொடுக்காமலே போயிடுவேன். உங்க மேல வருத்தம் இல்லை."

மிரட்டலாக அவர் சொல்லவில்லை. அது மேலாளருக்கும் தெரிந்தது. ஸ்டூலை மடக்கி ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டிருந்தார்.

"உட்காருங்க மேடம்," என்றார் மேலாளர். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே கவுன்டர் முன்னால் ஒரு மெக்கானிக் நின்று பேசிக்கொண்டிருந்தார். "ஆப் சரியில்லைன்னு எழுதப் போறீங்களா?"

"நல்ல ஆப் சார். அடுத்த தடவை, லிஃப்டைக் கடைசியா யார் திறந்தாங்கன்னும் அதுக்குச் சொல்லிக்கொடுங்க. அது கத்துக்கிற வரைக்கும் அதைச் சொல்ற ஆளை எடுத்துடாதீங்க. நான் எழுதப் போறது அவ்வளவுதான்."

"அப்போ முதல்ல அந்தச் சுற்றறிக்கையை வாபஸ் வாங்கிக்கறேன். இல்லேன்னா என்னை நானேதான் வேலையை விட்டு அனுப்பணும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "அதுக்கப்புறம் வரியைப் போட்டுக்குங்க."

மறுநாள் சுவரில் சுற்றறிக்கை இருந்த இடத்தில் வேறொன்று தொங்கியது. வேலையைக் கைமாற்றலாம், மாற்றியதை ஆப்பில் சொல்ல வேண்டும், இதுவரை நடந்ததற்கு யார்மீதும் நடவடிக்கை இல்லை. கவுன்டரை மூடும் திட்டம் தள்ளிவைக்கப்படுவதாகக் கடைசி வரி. எத்தனை காலத்துக்கு என்று அதில் இல்லை.

அன்று மாலை பேராசிரியருக்கு ஒரு போன்.

"மேடம், என் வரியை எடுத்தீங்களே, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"எடுத்துட்டேன்மா. கேட்டா திரும்பப் போடுவேன்."

"போடுங்க. எல்லாரும் இருக்கிற படத்துல நான் மட்டும் இல்லேன்னா நல்லாவா இருக்கு? ஆனா ஏழுன்னு வேண்டாம். கவுன்டர்னே போடுங்க."

அந்த ஒரு சொல்லுக்காகப் பேராசிரியர் அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்தார். ஒரு சொல் மாறினால் பக்கத்துச் சொற்கள் அதற்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் விடுகிற ஆளில்லை. அட்டை போட்டு வந்ததும் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, மேலாளருக்கு ஒன்று. மேலாளர் தன்னைப் பற்றிய பக்கத்தை முதலில் புரட்டி, படித்து, கைகுலுக்கினார்.

மூன்றாவது பிரதியோடு பேராசிரியர் படியிறங்கி வந்தார். கவுன்டரில் ஆள் கூட்டம். அக்கா ஒருவருக்குப் பாகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் அழுத்தித் துடைத்தார்.

"எந்தப் பக்கம் மேடம்?"

பேராசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் கட்டைவிரலால் பிடித்தபடி, கவுன்டருக்கு மேலாக நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.