நாற்பத்தோராவது பெட்டி

பொய் சொல்லிப் பிழைத்த பரம்பரை இல்லை எங்களுடையது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலைகளுக்கு வயர்லெஸ் மெஷ் அமைத்துத் தருவது எங்கள் குடும்பத் தொழில். சுவர்களில் சிறு பெட்டிகளை மாட்டுவோம். ஒவ்வொன்றும் பக்கத்துப் பெட்டியின் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். ஒன்று செத்தால் மற்றவை வேறு வழி தேடிக்கொள்ளும். யார் மாட்டினாலும், பேட்டரியில் எண் எழுதிக் கொடுப்பது நான்தான். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆலையில் நாற்பது பெட்டிகள் மாட்டினோம். தரைக்கடியில் பழைய குழாய்ப் பாதை ஒன்று இருந்தது. அதற்குள் நாற்பத்தோராவது வேண்டும் என்றான் தம்பி. என் வரைபடத்தில் குறையா? பேச்சு முற்றியது. கோபித்துக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. வேலையைப் பாதியில் விட்டு ஓடியவன் என்று, நிறுவனப் பலகையில் அவன் பெயரை அழித்தேன்.

அவன் மனைவிதான் இப்போது எங்கள் கணினித் திரையைக் கவனிப்பவள். “உங்க தம்பி ஓடுற ஆளா மாமா?” என்று ஒருமுறை கேட்டாள். “திரையைப் பாரு” என்றேன்.

போன மாதம் அதே ஆலையில் பராமரிப்பு. மாலை 4.12.

“மாமா, நாப்பத்தொண்ணு காட்டுது.”

“கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு.”

“நீங்க துடைச்சிட்டுப் பாருங்க.”

பார்த்தேன். 41. பச்சை.

நாற்பதையும் அணைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சிவந்தன. 4.20. ஒன்று மட்டும் பச்சையாகவே...

சிக்னல் மீட்டரோடு கீழே இறங்கினேன். குழாய்ப் பாதையின் வாயில் இப்போது சுவர். மூன்று வருடத்துக்கு முன், எங்கள் வேலை முடிந்த அன்று மாலையே அடைத்தது. தரையில் உட்கார்ந்து மீட்டரை அதன் மேல் வைத்தேன்.

முள் கடைசிக் கோட்டில்.

உள்ளிருந்து... டிக்.

டிக்...

என் காது உயரத்தில்.

காதைச் சுவரில் வைத்தேன்.

சத்தம் நின்றது. மேலே திரையிலும் 41 அணைந்ததாம். 4.31.

சுவரை இடிக்க, அன்று கட்டிய கொத்தனாரே வந்தார். கடப்பாரையை எடுக்குமுன் என்னைப் பார்த்தார்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு அன்னைக்கு உங்ககிட்டதானே கேட்டேன் ஐயா?”

கேட்டார். மாட்டிய பெட்டிகளை எண்ணிப் பார்த்து, நாற்பதும் சரி, கட்டுங்கள் என்றேன்.

சுவருக்குப் பின்னால், ஓர் அடி தூரத்தில், தம்பி உட்கார்ந்திருந்தான். எலும்பாக. மடியில் பெட்டி.

அவன் பெயரை மறுநாளே பலகையில் எழுதினேன். என் பெயருக்கு மேலே.

பெட்டியைத் திறந்தது அவன் மனைவி. உள்ளே பேட்டரி இல்லை.

41 என்று என் கையால் எழுதிய பேட்டரி, கோபத்தில் நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டது, மூன்று வருடமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.