பின்பக்க அறையில் இரண்டு நாள்

இது நடந்தது. எங்கேயோ கேட்ட கதை இல்லை. யாருக்கு நடந்ததோ, அவர் தினமும் என் எதிரில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவர். 'ஊசியக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு குப்பியிலும் நேரம் எழுதி எழுதிப் பழகின கை. இதில் வரும் நேரமெல்லாம் அவர் குறித்து வைத்தது. நான் ஒரு நிமிஷம்கூடக் கூட்டவில்லை.

அக்காவின் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. சுற்றுலாக்காரர்கள் குவிகிற கடற்கரை ஊர். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோட்டலிலிருந்து போன். முதல் நாள் சாயங்காலம் கடலில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. சட்டையும் செருப்பும் மணலில் கிடந்தன. உடம்பு கிடைக்கவில்லை. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாமானை வாங்கிப் போகச் சொன்னார்கள். டிக்கெட்டும் அவர்களே எடுத்தார்கள். அத்தனை அவசரம்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஒரு சந்தேகம்தான் வந்தது. முழங்கால் தண்ணீருக்கே பயப்படுகிற மனுஷன் எதற்காகக் கடலில் இறங்கினார்?

செவ்வாய்க்கிழமை மதியம் நாத்தனாரோடு போய் இறங்கினார். நாத்தனார், அக்காவின் கணவருக்கு மூத்தவர், பஸ் கண்டக்டர். அவர் அதட்டினால் டிரைவருக்கே கால் தானாக பிரேக்குக்குப் போகும். ஊரே கூத்தும் கும்மாளமுமாக இருந்தது. பாட்டு, ரப்பர் படகு, ஐஸ்கிரீம் வழிய வழிய ஓடுகிற பிள்ளைகள். அக்கா கடல் பக்கம் திரும்பவே இல்லை.

ஹோட்டலில் அவர்களுக்குக் கொடுத்த அறை தரைத்தளத்தில், பின்பக்கம், நடைவழியின் கடைசி. அதற்கு அப்புறம் வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு பலகைச் சுவர். நடைவழி அதோடு முடிந்தது.

மதியம் 2.40. அறையில் இருந்த போன் அடித்தது.

அக்கா எடுத்தார். யாரும் பேசவில்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். சொட்... சொட்... பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

"குட்டிம்மா..."

உலகத்தில் ஒரே ஆள்தான் அவரை அப்படிக் கூப்பிடுவார்.

மேனேஜர் பேசுவதை எடுத்துச் சொல்ல, தமிழ் தெரிந்த சமையல்காரர் ஒருவரைக் கூட விட்டிருந்தார்கள். அவரை அனுப்பி விசாரிக்கச் சொன்னார் அக்கா. போன அவர், முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"இந்த ரூமுக்கு லைனே கொடுக்கலையாம்க்கா. போன் சும்மாதான் வச்சிருக்காங்க."

"பிரமைம்மா. ரெண்டு நாளா நீ கண்ணே மூடல" என்றார் நாத்தனார்.

புதன்கிழமை காலை மேனேஜர் காகிதத்தை நீட்டினார். 'சொந்தப் பொறுப்பில் கடலில் இறங்கினார்' என்று எழுதியிருந்தது. அக்கா பேனாவை மூடி வைத்தார்.

"நாளைக்குப் போடறேன்" என்றார்.

மாலை 4.15. நடைவழிக் கம்பளத்தில் ஈரக் காலடிகள். வெறுங்கால். வலது காலில் சுண்டுவிரல் பதியவே இல்லை. அவர் கணவருக்குச் சின்ன வயதிலேயே போன விரல் அது. கடற்கரைக்குப் போகும் கதவு இருந்தது நடைவழியின் இந்த முனையில். காலடிகள் வந்தது அந்தப் பக்கம்... பலகைச் சுவரிலிருந்து.

அக்கா மணலைத் தேடினார். ஒரு மணல்கூட இல்லை.

6.05. இருவரும் சாப்பிடப் போகக் கதவைத் திறந்தார்கள்.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளைச் சீருடை. தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. முதுகு இவர்கள் பக்கம். முகத்தைப் பலகையோடு ஒட்டி வைத்திருந்தார்.

"தம்பி..." என்றார் நாத்தனார். பஸ்ஸையே நிறுத்துகிற அந்தக் குரல் காற்றாகத்தான் வந்தது.

அவர் திரும்பவில்லை.

விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. அங்கே யாரும் இல்லை.

சமையல்காரரிடம் சொன்னார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"செத்தவங்க கூப்பிட்டா போகக் கூடாதுக்கா. உங்களையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. விடிஞ்சதும் கிளம்பிடுங்க."

வியாழன். விடிகாலை 5.20.

தட்... தட்... தட்...

கட்டிலுக்குக் கீழே. தரைக்கு அடியில்.

அக்கா வெளியே ஓடினார். பலகையில் காதை வைத்தார்.

நகம் பிறாண்டும் சத்தம்.

"என்னங்க..." என்றார்.

சத்தம் நின்றது.

பிறகு, ரொம்ப மெதுவாக... "திற..."

அக்காவின் கை பலகையின் விளிம்பைப் பிடித்தது. நாத்தனார் பின்னாலிருந்து இடுப்போடு இழுத்தார்.

"வேணாம்டி! அது அவன் இல்ல! உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு!"

பிள்ளைகள் என்ற சொல் அக்காவை உலுக்கியது. கை தளர்ந்தது.

6.00 மணிக்குக் கையெழுத்துப் போட்டார். 6.15-க்குக் கார் கிளம்பியது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நாத்தனார் அவர் கழுத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பதினொரு நாள் கழித்துச் சமையல்காரர் போன் செய்தார். நடைவழியில் நாற்றம் தாங்கவில்லையாம். போலீஸ் வந்து பலகையைப் பெயர்த்திருக்கிறது. பின்னால் இரும்புக் கதவு, கீழே இறங்கும் படி, முன்பு துணி வெளுத்த பழைய நிலவறை. ஒழுகுகிற குழாயின் அடியில் அவர் கிடந்திருக்கிறார்.

"கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சுக்கா. பலகையில அடிச்ச ஆணியெல்லாம் புதுசு..."

யார் அடித்தது? இன்றுவரை தெரியாது. மேனேஜர் வேலையை விட்டு எங்கே போனார் என்பதும் தெரியாது.

ஒரு மாதம் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. அக்காவுக்கு அந்தக் காகிதங்களைப் படிக்க யார் உதவியும் வேண்டாம். காயம் இல்லை. நுரையீரலில் தண்ணீர் இல்லை. பட்டினி, அடைத்த அறையில் காற்றுக் குறைவு. குழாய்த் தண்ணீரைக் குடித்தே ஆறு நாள் தாக்குப்பிடித்திருக்கிறார்.

நடைவழியில் முதுகைக் காட்டி நின்றது யார் என்று அக்காவிடம் நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அறிக்கையின் கடைசி வரியை மட்டும் அவரே ஒருநாள் காட்டினார்.

இறந்தது, வெள்ளிக்கிழமை காலை.